சாலவாக்கத்து வறுவல் தூள்

சாலவாக்கம்
12-3-2023

அன்புள்ள மஞ்சுளா அண்ணிக்கு,

லீலாவதி எழுதிக்கொண்டது. நானும் பூஜா அப்பாவும் நலம். நீங்களும் அண்ணனும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். கல்யாணம் முடிந்து மூன்று மாதம் ஆகிறது, இன்னும் உங்களோடு நான்கு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசவில்லை. போனில் உங்களுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை, எழுதினால் விரும்பிப் படிப்பீர்கள் என்று பூஜா சொன்னாள். பத்தாவதில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் நான். சும்மா கிடக்கிற கை கொஞ்சம் எழுதட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு விஷயம் கேள்விப்பட்டேன், அண்ணி. கேட்டதும் கரண்டி என் கையில் அப்படியே நின்றுவிட்டது. உங்கள் வீட்டில் உருளைக்கிழங்கு வறுவலுக்குக் கடைப் பாக்கெட் தூளைப் போடுகிறீர்களாம். என் காதில் தப்பாக விழுந்ததோ என்று மறுபடி கேட்டேன். "ஆமாம்மா, பாக்கெட்டுதான். கத்திரிக்கோலால வெட்டி அப்படியே கொட்டுவாங்க" என்றாள் பூஜா. நான் நின்ற நிலையைப் பார்த்து இவர் பயந்துவிட்டார். "இன்னாத்துக்கு இப்டி நிக்கிற, யார்னா பூட்டாங்களா?" என்று கேட்டார். அதைவிடப் பெரிய விஷயம் என்று சொன்னேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். வேலைக்குப் போகிற பெண்கள் அவசரத்துக்குப் பாக்கெட் வாங்குவதை நான் குறை சொல்லமாட்டேன். நீங்கள் வீட்டில் இருக்கிறவர்கள், வெயில் நன்றாக அடிக்கிற மொட்டை மாடி வைத்திருக்கிறவர்கள். அந்தப் பாக்கெட்டில் எந்த வருஷத்து மிளகாயோ, எந்த மில்லின் அடித்தூளோ, யார் கண்டது. பூஜா எங்கள் வீட்டு வறுவல் இல்லாமல் ஒரு வாரம் இருந்ததில்லை. அதனால் அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு பாட்டில் வறுவல் தூள் அனுப்புகிறேன்.

மீன் குழம்புத் தூளைத் தனியாகக் கட்டி மேலே பேர் எழுதியிருக்கிறேன். உங்களுக்குக் கவுச்சி ஆகாது என்று பெண் பார்க்க வந்த அன்றே சொன்னது நினைவிருக்கிறது. அந்தப் பொட்டலத்தை நீங்கள் பிரிக்க வேண்டாம், வாசனை மூக்கில் ஏறும்.

அண்ணனை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
லீலாவதி


ஓசூர்
2-4-2023

அன்புள்ள லீலாவதி அண்ணிக்கு,

நலம். உங்கள் கரண்டி நின்றுபோனதற்கு நானும் என் பாக்கெட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். உங்கள் கையெழுத்தைப் பார்த்து இவர் அசந்துபோனார். "அச்சடிச்சா மாரி கீது" என்று இரண்டு தடவை சொன்னார். இருபது வருஷம் ஓசூர் கம்பெனியில் வேலை பார்த்தும் பிறந்த ஊர் ஐயங்கார்குளத்துப் பேச்சு இவரை விடவில்லை.

பாக்கெட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதன் முதுகைத் திருப்பினால் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று வரிசையாக எழுதியிருக்கும். காது மந்தமான பிறகு எதையும் படித்துத்தான் தெரிந்துகொள்கிறேன். யார் என்ன சொன்னார்கள் என்று ஊகித்து ஊகித்து அலுத்துப்போனவளுக்கு, சொல்ல வேண்டியதை எழுதியே வைத்திருக்கிற பொருள்மேல் ஒரு நம்பிக்கை வந்துவிடுகிறது. ருசி சுமார்தான். ஒப்புக்கொள்கிறேன்.

இனி எழுதப்போவதைப் படித்துவிட்டுத் தலைகால் புரியாமல் ஆடாதீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை பூஜா உங்கள் தூளைப் போட்டு வறுவல் செய்தாள். எனக்கென்று பாக்கெட் தூளில் தனியாக ஒரு வாணலியில் செய்திருந்தாள். அவள் துணி காயப்போட மாடிக்குப் போனபோது, அவர்கள் வாணலியில் அடிப்பிடித்த துண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். பிறகு தட்டு எடுத்துவந்து வைத்து உட்கார்ந்தேன். பூஜா இறங்கி வந்தபோது வாணலியில் பாதி இல்லை. அவள் முகம் போன போக்கைப் பார்த்து, உங்கள் மாப்பிள்ளை கார்த்திக்குக்கு வைத்திருந்ததைத் தின்றுவிட்டேனே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

நான் இப்படிச் சாப்பிட்டுப் பல வருஷம் ஆகிறது, அண்ணி. என்னென்ன போடுகிறீர்கள் என்று ஒன்றுவிடாமல் எழுதுங்கள்.

அன்புள்ள,
மஞ்சுளா


சாலவாக்கம்
16-4-2023

அன்புள்ள அண்ணிக்கு,

தலைகால் புரியாமல் ஆட வேண்டாம் என்று எழுதினீர்கள், ஆடிவிட்டேன். உங்கள் கடிதத்தைப் பக்கத்து வீட்டு வளர்மதிக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். மூன்றாவது தடவை ஆரம்பித்ததும் அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். பாக்கெட்டைத் தோற்கடித்துவிட்டேன் என்று இவரிடம் சொன்னேன். "எலெக்‌ஷன்ல ஜெயிச்சா மாரி பேசறியே" என்கிறார்.

கேட்டீர்களே, எழுதுகிறேன். நீட்டு மிளகாய் அரைக் கிலோ, தனியா கால் கிலோ, கடலைப்பருப்பு ஒரு ஆழாக்கு, மிளகு ஒரு கைப்பிடி, சீரகம் அதில் பாதி, சோம்பு கொஞ்சம் தூக்கலாக. பூண்டைத் தோலோடு தட்டி இரண்டு வெயில் காயவைக்க வேண்டும். கறிவேப்பிலை மட்டும் நிழலில் காயட்டும், இல்லாவிட்டால் நிறம் போய்விடும். எல்லாவற்றையும் தனித்தனியாக வறுக்க வேண்டும், சேர்த்துப் போட்டு வறுத்தால் ஒன்று கருகும், ஒன்று பச்சையாக நிற்கும். ஆறியதும் மிளகாய் அரைக்கிற மில்லில் கொடுங்கள். எங்களுக்கு இங்கே வேதாசலம் மில். நான் பக்கத்திலேயே நின்று அரைத்து வாங்குவேன். மஞ்சளும் கல் உப்பும் கடைசியில்.

இவ்வளவுதான், வேறு ஒரு வித்தையும் இல்லை.

உருளைக்கிழங்கைப் பாதி வேக்காட்டில் எடுத்து, தூளை நல்லெண்ணெயில் குழைத்துப் பிரட்டி அரை மணி நேரம் வையுங்கள். பிறகு சின்னத் தீயில் இரும்பு வாணலி. அவசரப்பட்டால் தூள் தனியாகவும் கிழங்கு தனியாகவும் நிற்கும்.

அடுத்த பாட்டில் பெரியதாக அனுப்புகிறேன்.

அன்புடன்,
லீலாவதி


ஓசூர்
25-8-2024

அன்புள்ள அண்ணிக்கு,

கார்த்திக்கைப் பார்க்க நீங்களும் அண்ணனும் அவ்வளவு தூரம் பஸ் மாறி மாறி வந்துபோனது பெரிய ஆறுதலாக இருந்தது. கால் கட்டைப் பிரிக்க இன்னும் இரண்டு வாரம் ஆகும் என்கிறார்கள். வண்டியிலிருந்து விழுந்தவன் பின்னால் வந்த லாரி ஒரு முழம் தள்ளி நின்றது என்பதை நீங்கள் ஊருக்குப் போன பிறகுதான் அவன் சொன்னான். லாரி சக்கரம் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. பூஜாதான் அவனைக் குளிப்பாட்டிவிடுவதிலிருந்து எல்லாம் பார்த்துக்கொள்கிறாள். நல்ல பெண்ணைக் கொடுத்திருக்கிறீர்கள்.

நீங்கள் எழுதிக் கொடுத்தபடி மூன்று தடவை தூள் அரைத்துப் பார்த்தேன். நிறம் வருகிறது, காரம் வருகிறது, உங்கள் ருசி வரவில்லை. இவர் கைவாகு என்கிறார். பாக்கெட் வாங்குவதை விட்டே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, உங்கள் பாட்டிலை நம்பித்தான் இருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்கக் கூடாது. நீங்கள் எழுதியதைத் தவிர வேறு எதுவும் சேர்ப்பதில்லையே? ஒரு வரி எழுதிவிடுங்கள்.

அன்புள்ள,
மஞ்சுளா


சாலவாக்கம்
4-9-2024

அன்புள்ள அண்ணிக்கு,

லாரி விஷயத்தைப் படித்ததும் அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினேன். உத்திரமேரூர் போய் மாப்பிள்ளை பேருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன். குங்குமம் உள்ளே வைத்திருக்கிறேன்.

தூளில் வேறு எதுவும் இல்லை, அண்ணி. சத்தியமாக நான் எழுதியதுதான். உங்கள் ஊர்த் தண்ணீரும் மிளகாயும் வேறு, அதனால் ருசி மாறும். நீங்கள் எதற்கு அரைத்துக் கஷ்டப்பட வேண்டும்? நான் இருக்கிறவரை அனுப்புகிறேன். பாட்டிலைப் பழைய புடவைத் துணியில் சுற்றியிருக்கிறேன், பார்த்துப் பிரியுங்கள்.

அன்புடன்,
லீலாவதி


ஓசூர்
21-1-2025

திருமதி லீலாவதி அவர்களுக்கு,

எழுத்துக் கோணலாக இருக்கும்.

பொங்கலுக்கு நீங்கள் அனுப்பிய தூள் இந்தத் தடவை கொரகொரவென்று இருந்தது. மில்லில் பெல்ட் அறுந்துவிட்டதால் மிக்ஸியில் அரைத்ததாக எழுதியிருந்தீர்கள். நேற்று முற்பகல் அதைத் தட்டில் கொட்டிக் கட்டிகளை விரலால் உடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பூஜா வாணலியைக் கழுவி அடுப்பில் வைத்தாள். ஒரு கட்டி உடையவில்லை. ஊதிப் பார்த்தேன். நகக்கண் அளவுக்கு வளைந்து ஒன்று கிடந்தது. நுனியில் கறுப்பாக இரண்டு கண். நூல்போல மீசை. அரைபடாத முழுச் சென்னாக்குன்னி, காய்ந்த பொடி இறால்.

பூஜா எட்டிப் பார்த்துவிட்டாள். "இன்னா இது?" என்று கேட்டேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. "அத்தை, அது எப்பவும் போடறதுதான்" என்றாள். காது தப்பாகக் கேட்டதோ என்று அவள் வாயைப் பார்த்தபடி மறுபடி கேட்டேன். "எப்பவும்" என்றாள். நான் தட்டை அப்படியே போட்டுவிட்டேன். அடுப்படி முழுவதும் தூள்.

நான் ஏன் கவுச்சி தொடுவதில்லை என்று இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை, கட்டினவரிடம்கூட. வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்பார்கள். இப்போது எல்லாம் கெட்டபிறகு மறைத்து என்ன ஆகப்போகிறது? கார்த்திக்குக்கு ஆறு வயதில் காய்ச்சல் தலைக்கு ஏறி எட்டு நாள் கண் திறக்கவில்லை. டாக்டர் இவரை வெளியே அழைத்துப்போய்ப் பேசினார், நான் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன், இவர் சுவரில் சாய்ந்துகொண்டார். அந்த இடத்திலேயே மாரியம்மனிடம் சொன்னேன்: இவனைக் கொடு, நான் சாகிறவரை மீனோ கறியோ என் வாயில் படாது. மறுநாள் விடிந்ததும் அவன் தண்ணீர் கேட்டான். இருபத்துநான்கு வருஷம் ஆகிறது.

கேட்டவர்களுக்கு எல்லாம் கவுச்சி ஆகாது என்று சொன்னதோடு சரி. கடைப் பாக்கெட் வாங்கினேனே, ஏன் என்று நினைத்தீர்கள்? சோம்பேறித்தனமா? அதில் சைவம் என்று பச்சைப் புள்ளி போட்டிருக்கும். அதைப் பார்த்துத்தான் வாங்குவேன். நீங்கள் அதைக் கேலி செய்தீர்கள். நானும் வெட்கப்பட்டு விட்டுவிட்டேன்.

போன ஆடியில் கார்த்திக் ஏன் லாரிக்கு முன்னால் விழுந்தான் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. நீங்கள் சத்தியம் செய்து எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. அதை நான் என்ன செய்யட்டும்?

மஞ்சுளா


சாலவாக்கம்
25-1-2025

அண்ணி,

உங்கள் கடிதத்தைக் களத்தில் நின்று படித்தேன். படித்து முடித்ததும் நெல்மேலேயே உட்கார்ந்துவிட்டேன். "இன்னாடி ஆச்சு, சொல்லேன்" என்று இவர் தோளைப் பிடித்து உலுக்கினார். உங்கள் வேண்டுதலை இவரிடம் சொல்லக் கூடாது என்று அந்த நேரத்திலும் தோன்றியது. இன்றுவரை சொல்லவில்லை.

ஆகாது என்றீர்கள். இந்த வீட்டில் இவருக்குத் தயிர் ஆகாது, சளி பிடிக்கும். எனக்குக் கத்திரிக்காய் ஆகாது, உடம்பெல்லாம் அரிக்கும். அப்படித்தான் எனக்குப் புரிந்தது. வாசனை உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது, குமட்டும் என்று நினைத்தேன். அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் மாப்பிள்ளையின் உயிர் இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. முதல் பாட்டிலை அவர்கள் இரண்டு பேருக்கும் என்றுதான் அனுப்பினேன். நீங்கள் சாப்பிட்ட அன்று பூஜா மாடிக்குப் போய் எனக்குப் போன் செய்தாள். "அம்மா, அத்தை எடுத்துத் தின்ட்டாங்கம்மா, சொல்லிடட்டா?" என்று அழுதாள். "வாய மூடிக்கினு இரு. வாசனையே தெரியல இல்ல? ஒண்ணும் ஆவாது" என்று சொன்னது நான். அவள் அதற்குப் பிறகும் இரண்டு தடவை கேட்டாள், இரண்டு தடவையும் திட்டினேன். குற்றம் முழுவதும் என்னுடையது. அவள்மேல் கோபத்தை வைக்காதீர்கள்.

எதற்காக மறைத்தேன் தெரியுமா? சொல்ல நாக்கூசுகிறது. நீங்கள் பாராட்டியது எனக்கு வேண்டியிருந்தது. சொன்னால் பாட்டிலைத் திருப்பி அனுப்பிவிட்டு மறுபடி பாக்கெட்டுக்குப் போய்விடுவீர்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் பக்குவம் கேட்டால் ஒன்றை விட்டுத்தான் சொல்வோம், அப்போதுதான் நம் கைக்கு மதிப்பு இருக்கும் என்று ஒரு புத்தி. மகள் வாழப்போன வீட்டிலும் அதே புத்தியோடு நடந்துகொண்டேன். சத்தியம் வேறு செய்தேன்.

வீட்டில் இருந்த சென்னாக்குன்னி அத்தனையையும் ஏரிக்கரையில் கொண்டுபோய்க் கொட்டினேன். கொக்கு வந்து தின்றது, பார்த்துக்கொண்டே நின்றேன். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. எந்தக் கோயிலுக்கு வரச் சொன்னாலும் வருகிறேன். என்ன பரிகாரம் என்று நீங்களே சொல்லுங்கள். மாப்பிள்ளைக்கு ஒன்றும் வரக் கூடாது. வருவதாக இருந்தால் எனக்கு வரட்டும்.

லீலாவதி


சாலவாக்கம்
3-2-2025

அண்ணி,

என் கடிதம் உங்களுக்குக் கிடைத்துவிட்டது என்று பூஜா சொல்லித் தெரிந்துகொண்டேன். முந்தாநாள் காலை பத்து மணி டவுன் பஸ்ஸில் ஒரு பையோடு வந்து இறங்கினாள். நான் வாசலில் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தேன். அவளை அப்படி, தனியாக, பையோடு பார்த்ததும் நெல்லை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

"அத்தை என்னான்ட பேசி பன்னெண்டு நாள் ஆவுது. நான் வச்ச தண்ணியக்கூடத் தொடல. அவரு எங்க ரெண்டு பேர் நடுவுல நின்னுக்கினு முழிக்கிறாரு. யாரும் என்ன அனுப்பல, நானேதான் வந்துட்டேன்" என்றாள். என்னிடமும் பேசுவதில்லை. என்னால்தானே என்று நினைக்கிறாள், சரிதான். உருளைக்கிழங்கைக் கண்டால் எழுந்து போய்விடுகிறாள்.

வேண்டுதல் விஷயத்தை அவளிடம்கூட நான் சொல்லவில்லை. எதற்காக இவ்வளவு பெரிய தண்டனை என்று தெரியாமலே அழுகிறாள். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லி எழுதுங்கள், வாசலில் ஏறாதே என்றுகூட எழுதுங்கள். அவளுக்கு வாழ்க்கை போகக் கூடாது. ஒரு வரி போதும்.

லீலாவதி


ஓசூர்
12-2-2025

அன்புள்ள லீலாவதி அண்ணிக்கு,

உங்கள் இரண்டு கடிதமும் தலையணைக்கு அடியில் இருக்கின்றன. பதில் எழுத ஆறு தடவை உட்கார்ந்து ஆறு தாளைக் கிழித்தேன். இதைக் கார்த்திக் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். தபாலில் போட்டால் மனசு மாறி, பெட்டிக்குள் கைவிட்டு எடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

அன்று நான் எழுதியதில் வேண்டுதல் உண்மை. எட்டு நாள் காய்ச்சல் உண்மை. உங்களைப் போலவே நானும் ஒன்றை விட்டுவிட்டு எழுதினேன்.

எனக்குத் தெரியும், அண்ணி. அடிப்பிடித்த முதல் துண்டை வாயில் போட்ட அன்றே தெரியும்.

நான் பிறந்து வளர்ந்தது கடலோரத்துச் சதுரங்கப்பட்டினம். எங்கள் தெருவில் தார்ப்பாய் விரித்துச் சென்னாக்குன்னி காயும். பள்ளிக்கூடம் போகும்போது ஒரு கை வாரிப் பாவாடை மடிப்பில் போட்டுக்கொள்வேன், மணி அடிக்கிறவரை மென்றுகொண்டிருப்பேன். சோம்பும் பூண்டும் போட்டு நீங்கள் யாரை வேண்டுமானாலும் ஏமாற்றலாம். என் நாக்கை எப்படி ஏமாற்ற முடியும்? வாயில் வைத்ததும் தூக்கிவாரிப் போட்டது. துப்பியிருக்க வேண்டும். தட்டை எடுத்துவந்தேன்.

பிறகு உங்களுக்கு எழுதி, என்னென்ன போடுகிறீர்கள் என்று கேட்டேன். நீங்கள் அதை எழுதவில்லை. அன்று எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? மறுபடி சந்தேகம் அரித்தபோது மறுபடி கேட்டேன். சத்தியமாக இல்லை என்று எழுதினீர்கள். அந்தக் கடிதத்தைச் சாமி அலமாரியில் வைத்தேன். மனசு குத்தும்போது எடுத்துப் படிப்பேன், சம்பந்தியே அப்படி ஒன்றும் இல்லை என்கிறார்களே என்று சொல்லிக்கொள்வேன், போய்ச் சாப்பிட உட்காருவேன். பாக்கெட்டில் சிவப்புப் புள்ளி போட்டிருந்தால் நான் கையால் தொட்டிருக்கமாட்டேன். உங்கள் பாட்டிலில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. எனக்கு அது வசதியாகப் போய்விட்டது.

கார்த்திக் விழுந்தானே, அன்று மதியம் நான் சோற்றைவிட வறுவலை அதிகமாக வைத்துச் சாப்பிட்டிருந்தேன். கை கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அன்றைக்கே விட்டிருக்க வேண்டும் இல்லையா? ஒரு மாதம் விட்டேன். பிறகு பாட்டில் வந்தது.

போன மாதம் அந்த முழுச் சென்னாக்குன்னி கையில் கிடைத்ததே, பூஜா மட்டும் எட்டிப் பார்க்காமல் இருந்திருந்தால் அதை விரலால் நசுக்கித் தூளோடு கலந்திருப்பேன். அவள் பார்த்துவிட்டாள். அவள் கண் எதிரில் எனக்குத் தெரியாதது போல இருக்க முடியவில்லை, அதனால் அப்போதுதான் தெரிந்தது போலக் கத்தினேன். அவள் வைத்த தண்ணீரைத் தொடாமல் இருந்தது கோபத்தால் என்று நினைத்தீர்களா? அவள் முகத்தைப் பார்க்க எனக்கு யோக்கியதை இல்லை. அவள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது உள் அறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இரு என்று சொல்லவில்லை. என் பிள்ளைக்காக வேண்டிக்கொண்டதை நான் தின்று கெடுத்துவிட்டு, பழியை உங்கள்மேலும் அந்தப் பெண்மேலும் போட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கார்த்திக்கையும் இவரையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். இவர் என்னை யாரோ புது ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார். "இருபத்தினாலு வருசமா என்னான்டகூடச் சொல்லலயே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கார்த்திக் அழுவான் என்று நினைத்தேன். "நீ சாப்புடும்மா. எனக்கு ஒண்ணும் ஆவாது" என்றான். அவன் அப்படிச் சொன்னதிலிருந்து எனக்குப் பயம் இரண்டு மடங்காகிவிட்டது. அவன் வண்டிச் சாவியை எடுத்தாலே வாசல்வரை பின்னாலேயே போகிறேன். மாரியம்மன் கோயில் வாசல்வரை போனேன், என்ன சொல்லி உள்ளே போவது என்று தெரியாமல் திரும்பிவிட்டேன். நாளை மறுபடி போகிறேன்.

பூஜாவை அவனோடு அனுப்பிவையுங்கள். வர மாட்டேன் என்றால் இந்தக் கடிதத்தை அவள் கையில் கொடுத்துவிடுங்கள், முழுவதும் படிக்கட்டும். வந்த பிறகு அவள் என்னோடு பேசுவதும் பேசாமல் இருப்பதும் அவள் இஷ்டம்.

உங்களோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. கடிதம் எழுதுங்கள், காத்திருப்பேன். தூள் மட்டும் வேண்டாம், அண்ணி. சென்னாக்குன்னி போடாமல் அரைத்தது என்று சொல்லியும் அனுப்பாதீர்கள், போட்டது என்று பெரிய எழுத்தில் பேர் எழுதி ஒட்டியும் அனுப்பாதீர்கள்.

அனுப்பினால் சாப்பிட்டுவிடுவேன்.

மஞ்சுளா